கோவிவனும் எங்கள் வீட்டுப் பின்கதவும்



போன வாரம் எங்கள் வீட்டுப் பின்கதவைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். அன்றிலிருந்து ஒரே கேள்விமயம். "டீச்சர், கதவு செல்லரிச்சிடுச்சா?" என்று ஒருவன். "திருடன் வந்தானா மிஸ்?" என்று துபாயிலிருந்து ஒருத்தி. என் பெரியம்மா மகள் நேராக ஃபோனே பண்ணிவிட்டாள்: "நல்ல தேக்குக் கதவை எந்த மடையன்டி அறுத்தான்?" அறுக்கச் சொன்ன மடச்சி நான்தான் அக்கா. நாய் போக வர வழி வைத்திருக்கிறோம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத விரல் வலிக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். சரித்திர டீச்சரிடம் கேட்டால் பதில் பல்லவர் காலத்திலிருந்துதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சந்தேகம் தீர்க்கிறேன். "இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தான். நாய்க்கென்று தனிக் கதவு அவர்கள் பழக்கமாக இருக்கலாம். கதவுக்குள் கதவு வைப்பது நம் பழக்கமும்தான். பெரிய கோயில்களில் கோபுரக் கதவைப் பார்த்திருப்பீர்கள். யானை போகிற உயரம். ஒவ்வொரு தடவையும் அதைத் தள்ளித் திறக்க முடியுமா? அதனால் அந்தக் கதவிலேயே ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு வைத்திருப்பார்கள். அதற்குத் திட்டிவாசல் என்று பெயர். கோட்டைக் கதவுகளிலும் உண்டு. இன்னொரு சொல் நாம் தினமும் சொல்வது: புழக்கடை. புழங்குகிற இடம் என்று பலர் பொருள் சொல்வார்கள். மூலச்சொல் புழைக்கடை. புழை என்றால் துளை, சிறுவழி. கடை என்றால் வாசல். ஆக, ஊரில் உள்ள ஒவ்வொரு வீட்டின் பின்பக்கத்துக்கும் 'சின்ன ஓட்டை வாசல்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். என் கதவில் அறுத்த ஓட்டை, அந்தச் சொல்லுக்கு மரியாதை செய்ததுதான்.

புழைக்கடையைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை. என் பாட்டி வீட்டில் முன்வாசல் வழியாக யார் வரலாம், யார் பின்பக்கமாகச் சுற்றித்தான் வர வேண்டும் என்று சட்டம் இருந்தது. எழுதி வைக்காத சட்டம். நாயை மட்டுமா நிலைப்படியில் நிறுத்தினோம்? மனிதர்களையும் நிறுத்தினோம். வாசலின் வரலாறு எழுதினால் அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

சரி, நாய்க்கு வருகிறேன்.

நம் வீடுகளில் நாயின் இடம் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. திண்ணைக்குக் கீழே, நிலைப்படிக்கு வெளியே. சோறு வீட்டுச் சோறு, படுக்கை தெருப் படுக்கை. காவல் என்கிற வேலை அந்த எல்லைக்கோட்டில்தானே நடக்கிறது. அந்த வேலைக்காகப் பெயர் பெற்று, கல்லிலும் ஏறிய ஒரு நாயை உங்களில் பலருக்கு ஒன்பதாம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். செங்கம் பக்கம் எடுத்தனூர் நடுகல். முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆவது ஆட்சியாண்டு, அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமை கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்துப்போன கருந்தேவக்கத்தி என்ற இளைஞனுக்கு எடுத்த கல் அது. வீரன் உருவத்தோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. வெறும் உருவம் மட்டுமல்ல, பெயரும் உண்டு: கோவிவன். அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்தது, பிறகு அங்கேயே காத்து நின்றது என்று எழுத்திலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். அதே மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்கள் வெட்டிய குடைவரை நம் பல்லாவரம் மலையில் இருக்கிறதே, இப்போது தர்காவாக இருப்பது, அங்கே உங்களை வரிசையாக அழைத்துப் போனது ஞாபகம் இருக்கிறதா? ராஜாவின் பட்டங்கள் அங்கே. ஒரு மாட்டுக்காரப் பையனின் நாய்க்குப் பெயர் இங்கே. எனக்கு இரண்டாவதுதான் பெரிய விஷயம். 1400 வருஷம் கழித்து ஒரு நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறது.

நாய்க்குக் கல் எடுத்தது தமிழ்நாட்டோடு நின்றுவிடவில்லை. 949-ல் அரக்கோணம் பக்கத்துத் தக்கோலத்தில் பெரிய போர். சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே இறந்துபோனான். சோழர் எதிரணியில் சண்டை போட்ட கங்க மன்னன் பூதுகனின் ஆள் மணலேரன். அவன் வீரத்துக்குப் பரிசாக 'காளி' என்ற வேட்டை நாய் கிடைத்தது. பிறகு மண்டியா மாவட்டத்து ஆதகூர் பக்கம் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு காளி மோதியது. இரண்டுமே செத்தன. மணலேரன் அதற்குக் கோயில் முன்னால் கல் நட்டு, வழிபாட்டுக்கு நிலமும் விட ஏற்பாடு செய்தான். அந்தக் கல் இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில். பெங்களூரில் ஐடி வேலை பார்க்கிற என் மாணவர்கள் முப்பது பேராவது இருப்பீர்கள். ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள்.

கல் வைத்தார்கள், நிலம் விட்டார்கள். கதவு மட்டும் வைத்ததில்லை. கதவு என்று வந்தால் நம் கதைகளில் விலங்கு மணி அடிக்க வேண்டும். மனுநீதிச் சோழனின் மணியை அடித்த பசுவைத்தான் சொல்கிறேன். அந்தக் கதையைப் பெரியபுராணத்தில் விரித்துச் சொன்ன சேக்கிழார் நமக்கு அடுத்த ஊர்க்காரர், குன்றத்தூர். திருமுடிவாக்கத்திலிருந்து பஸ் ஏறினால் உட்கார இடம் கிடைப்பதற்குள் இறங்க வேண்டும். இலங்கை மகாவம்சமும் அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளனைப் பற்றி இதே கதையைச் சொல்கிறது. அங்கே பசு மட்டுமல்ல, குஞ்சைப் பாம்புக்குப் பறிகொடுத்த தாய்ப்பறவையும் வந்து மணி அடிக்கிறது. வகுப்பில் இதை நீதிக்கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. வாயில்லா ஜீவன் மணி அடித்தாலும், உள்ளே இருப்பவர் காதில் விழ வேண்டும். விழுந்தாலும் எழுந்து வர வேண்டும்.

நான் சும்மா சொல்லவில்லை, சோதித்தே பார்த்துவிட்டேன். எனக்கு வலது முழங்கால் ஆபரேஷன் ஆன பிறகு, ராத்திரி நாலு தடவை எழுந்து கதவு திறப்பது முடியவில்லை. கதவில் மணி கட்டி, மூக்கால் இடிக்கப் பழக்கினால் நாய் வேண்டும்போது மட்டும் கூப்பிடும் என்று பேரன் சொன்னான். கட்டினோம். மணி அடித்தால் பாட்டி எழுந்து வருவாள் என்பதை எங்கள் பிஸ்கட் அரை நாளில் கற்றுக்கொண்டது. அப்புறம் அதற்கு அதுவே விளையாட்டு. ஒரே நாளில் பதினாலு தடவை எழுந்தேன். மனுநீதிச் சோழனுக்கு முழங்கால் நல்லாயிருந்திருக்கும். மறுநாள் மணியைக் கழற்றிப் பூஜை அறையில் வைத்துவிட்டேன்.

மணி அடிக்கத் தேவையில்லாத வழியை இங்கிலாந்தில் பூனைக்கு வைத்துக்கொடுத்தார்கள். எக்ஸிட்டர் பேராலயத்தில், பழைய வானியல் கடிகாரத்துக்குக் கீழே ஒரு கதவு. அதன் அடியில் வட்டமாக ஓட்டை. எலி பிடிக்கிற பூனை போய்வருவதற்கு. கடிகாரத்தின் கயிறுகளில் கொழுப்பு பூசியிருப்பதால் எலி வந்து கடிக்குமாம். 1598-ல் அங்கே பிஷப் ஆன வில்லியம் காட்டன் காலத்தில் தச்சர்களுக்குக் கூலி கொடுத்து வெட்டிய ஓட்டை என்கிறார்கள். அதற்கும் முன்னாலேயே, 14, 15-ஆம் நூற்றாண்டுக் கணக்குப் புத்தகங்களில் அந்தப் பேராலயத்துப் பூனைக்கு வாரம் ஒரு பென்னி படி எழுதியிருக்கிறது. சம்பளமும் உண்டு, தனி வழியும் உண்டு. 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாசர் எழுதிய ஒரு கதையிலும் பூட்டிய அறைக்குள் என்ன நடக்கிறதென்று வேலைக்காரன் எட்டிப் பார்ப்பது கதவடியில் இருக்கும் பூனை ஓட்டை வழியாகத்தான். அப்படியென்றால் அந்தக் காலத்திலேயே அது சாதாரண வீட்டுச் சமாச்சாரம்.

இங்கே ஒரு பாவமன்னிப்பு கேட்க வேண்டும். நியூட்டன் பெரிய பூனைக்கு ஒரு பெரிய ஓட்டை, குட்டிக்கு ஒரு சின்ன ஓட்டை என்று கதவில் இரண்டு வெட்டினார், பெரிய ஓட்டையிலேயே குட்டியும் போகும் என்று அவருக்குத் தோன்றவில்லை என்று முப்பது வருஷமாக எல்லா செக்‌ஷனிலும் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவர் இறந்தது 1727. இந்தக் கதை ஒரு கேம்பிரிட்ஜ் நினைவுப் புத்தகத்தில் அச்சானது 1827-ல். எழுதியவரே, கதை மெய்யோ பொய்யோ, அடைத்து வைத்த இரண்டு ஓட்டை மட்டும் கதவில் இருக்கிறது என்று நழுவிக்கொள்கிறார். நியூட்டனிடம் ஐந்து வருஷம் உதவியாளராக இருந்த ஹம்ப்ரி நியூட்டனோ, அவர் தம் அறையில் நாயும் வைத்திருந்ததில்லை, பூனையும் வைத்திருந்ததில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். மெழுகுவர்த்தியைத் தட்டிவிட்டுக் காகிதத்தை எரித்த 'டயமண்ட்' நாய்க் கதையும் அதோடு போச்சு. அதையும் நான் சொல்லியிருக்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.

பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் நாய் என்றால் என்ன என்பதை நான் முதலில் பார்த்தது பல்லாவரத்தில், பாவாடை கட்டிய வயசில். தெருவில் நாய் வண்டி வரும் காலம். கம்பிக் கண்ணியோடு ஆட்கள் இறங்குவார்கள். பிடித்துப் போன நாய் திரும்பி வராது. நிலைப்படியை நாய் தாண்டினால் வீடு கழுவுகிற என் பாட்டி, ஒரு நாள் வண்டிச் சத்தம் கேட்டதும் திண்ணையடியில் கிடந்த கறுப்பு நாயைக் கழுத்தைப் பிடித்து இழுத்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். வண்டி போன பிறகு மறுபடி வெளியே விட்டு, வீட்டைக் கழுவினாள். இரண்டையும் செய்தது ஒரே பாட்டிதான். பிடித்துக் கொல்லும் அந்த முறை 19-ஆம் நூற்றாண்டிலிருந்து சென்னையில் இருந்தது. 1959-ல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய ப்ளூ கிராஸ், கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து விடுங்கள் என்று 1964-லிருந்து சொல்லிக்கொண்டே இருந்தது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996-ல். முப்பத்திரண்டு வருஷம்.

இனி, பெரியம்மா மகள் கேட்ட கேள்வி. நல்ல கதவை ஏன் அறுத்தேன்?

2015 டிசம்பர் 1 ராத்திரி உங்களில் யாருக்கும் மறந்திருக்காது. செம்பரம்பாக்கம் திறந்து அடையாறு கரை மீறியது. முடிச்சூர், வரதராஜபுரம், அனகாபுத்தூர் எல்லாம் தண்ணீர். எங்கள் தெருவிலும் வந்தது. கரண்ட் இல்லை. முன்வாசலில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து அவரும் நானும் பத்திரங்கள், மாத்திரைப் பை, அரிசி என்று கையில் கிடைத்ததை மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தோம். புழக்கடையில் மணி இருந்தான். எங்கள் பழைய நாய், உங்களில் டியூஷன் வந்தவர்களுக்குத் தெரியும். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குப் பின்கதவைத் தாழ் போடுவது வழக்கம், அன்றும் போட்டிருந்தேன். ஞாபகம் வந்தபோது மாடிப்படி அடியிலேயே இடுப்பளவு தண்ணீர், கும்மிருட்டு. "சுவர் ஏறிக் குதிச்சுப் போயிருப்பான்" என்றார் அவர். நானும் நம்பினேன். நம்ப வேண்டியிருந்தது.

காலையில் பார்த்தபோது துவைக்கிற கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தான். கழுத்துவரை தண்ணீர். உடம்பைக் கதவோடு ஒட்டி வைத்திருந்தான். சுவர் ஏறி எங்கும் போகவில்லை. எங்களைப் பார்த்து வாலைத்தான் ஆட்டினான். கதவின் கீழ்ப்பாதி முழுக்க நகத்தால் கீறியிருந்தது. ராத்திரி அத்தனை நேரம் கீறியிருக்கிறான், மழைச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. அடுத்த வாரம் காய்ச்சல் கண்டு போய்விட்டான். கோவிவன் காத்து நின்றதை வகுப்பில் பெருமையாகச் சொல்லிக் கைதட்ட வைத்தவள் நான். அதற்கப்புறம் அந்தப் பாடத்தை நடத்தும்போது அந்த இடத்தைச் சீக்கிரமாகத் தாண்டிவிடுவேன். யாராவது கவனித்தீர்களா தெரியாது.

இனி நாயே வேண்டாம் என்றுதான் இருந்தோம். செவலை தானாக வந்து சேர்ந்த தெரு நாய். பிஸ்கட்டைப் பேரன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். இரண்டும் புழக்கடையில் சுற்றும், உள்ளே வந்து படுக்கும். இந்தப் பழைய கதவைத்தான் அறுக்க வேண்டும் என்று நான் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. தச்சர்தான், "பிவிசி கதவு ஒண்ணு புதுசா போட்டு அதுல வெட்டலாமே டீச்சர்" என்றார். வேண்டாம் என்றேன். அறுத்து எடுத்த பலகையில் மணியின் கீறல் பாதி வந்துவிட்டது. மீதி கதவிலேயே இருக்கிறது. பலகையைப் பீரோவுக்கு மேலே வைத்திருக்கிறேன் அக்கா. நல்ல கதவுதான், எனக்கும் தெரியும்.

இப்போது வேலை விவரம், கேட்டவர்களுக்காக. நாயை நிற்க வைத்துத் தரையிலிருந்து தோள் எலும்பு வரை அளக்க வேண்டும். ஓட்டையின் மேல் விளிம்பு அதற்கு இரண்டு அங்குலம் மேலே இருக்கட்டும். கீழ் விளிம்பு வயிற்று மட்டத்துக்குக் கீழே. எங்களுக்குத் தரையிலிருந்து ஏழு அங்குலம் விட்டு, பதினைந்து அங்குல உயரம், பத்து அங்குல அகலம் வந்தது. கீழே விட்ட அந்த ஏழு அங்குலம் சாரலைத் தடுக்கும். செவலைக்கு வயசாகிவிட்டதால் இரண்டு பக்கமும் ஒரு செங்கல் படி. தாழ்ப்பாளுக்கு எதிர்ப்பக்கமாக வெட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கையை விட்டுத் தாழைத் திறக்க வழி செய்துகொடுத்த மாதிரி ஆகும். தொங்கவிட, குளிர்பதனக் கிடங்கு வாசலில் தொங்குமே, அந்தக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பட்டை. அந்தப் பக்கம் தெரிந்தால் நாய்க்குப் பயம் குறையும். சிட்கோ எஸ்டேட்டில் வேலை பார்க்கும் என் மாணவன் ஒருவன் (பெயர் போடக் கூடாதென்று உத்தரவு) அளவாக வெட்டிக் கொடுத்து, அடியில் காந்தமும் வைத்துவிட்டான், காற்றில் படபடக்காமல் இருக்க. ராத்திரியில் மூடிவைக்கத் தகடு ஒன்றும் செய்து தந்தான். அதை இதுவரை போடவில்லை.

பழக்குவது தனிக் கதை. முதலில் பட்டையைச் சுருட்டி மேலே கட்டிவிட்டு, வெறும் ஓட்டைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வந்தால் ஒரு துண்டு கருவாடு. காலையில் அஞ்சு நிமிஷம், சாயங்காலம் அஞ்சு நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். பிறகு பட்டையைப் பாதி இறக்க வேண்டும், பிறகு முழுசாக. பிஸ்கட் இரண்டே நாளில் தேறிவிட்டது. முதல் பெஞ்ச். செவலை பதினேழு நாள் எடுத்துக்கொண்டது. வெறும் ஓட்டையில் தாராளமாக வந்துபோகும். பட்டை முதுகில் பட்டால் மட்டும் நடுங்கிப் பின்வாங்கிவிடும். தெருவில் எந்தக் கை, எந்தக் குச்சி முதுகில் பட்டதோ. ஒரு நாள் அவர் பொறுமை இழந்து பின்னாலிருந்து தள்ளிவிட்டார். அதற்கப்புறம் ஐந்து நாள் அந்தக் கதவுப் பக்கமே வரவில்லை. வகுப்பில் பயந்த பிள்ளையைத் தள்ளினால் என்ன ஆகும் என்று முப்பது வருஷம் பார்த்தவள், இவரிடம் முன்கூட்டியே சொல்லாதது என் தப்பு. கடைசியில் என்னுடைய பழைய சுங்குடிப் புடவையில் ஒரு துண்டு கிழித்து, பட்டைக்குப் பதிலாகத் தொங்கவிட்டேன். என் வாசனைக்கோ, மெத்தென்று பட்டதற்கோ, இரண்டாம் நாளே தலையை விட்டது. நாலு நாள் புடவைத் துண்டு, பிறகு புடவைக்குப் பின்னால் பட்டை, பிறகு வெறும் பட்டை.

வெளியே போய்வரும் நாய்க்கு வருஷா வருஷம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி கண்டிப்பாகப் போட வேண்டும். சுற்றுச்சுவர் இல்லாத வீட்டில் இந்த வேலையே வேண்டாம்.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி நல்ல இடி மழை. ரெண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, வழக்கம்போல அடித்துப்பிடித்து, கோலை ஊன்றிக்கொண்டு பின்கதவுக்குப் போனேன். ஓட்டையிலிருந்து கட்டிலடி வரை ஈரக் கால்தடம். செவலை என் செருப்பு மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுப் பூனையும் அன்றைக்கு உள்ளேதான் இருந்தது. அதற்கு யாரும் பழக்கவில்லை. 2000-களின் கடைசியில் கேம்பிரிட்ஜில் நிக் ஹில் என்ற இயற்பியல்காரர், தன் பூனையின் தோலுக்கடியில் உள்ள சிப்பைப் படித்து அதற்கு மட்டும் திறக்கிற கதவு செய்தாராம், கண்ட பூனையும் உள்ளே வருவதைத் தடுக்க. பேரன் அதை வாங்கலாம் என்கிறான். இருக்கட்டும், அரிசி மூட்டைப் பக்கம் எலி குறைந்திருக்கிறது. வாரம் ஒரு பென்னிக்குப் பதில் ஒரு மத்திச் செதிள் கொடுக்கிறேன்.